சேர்மன் கோட்டின் முதுகு

பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட உள்ளூர்த் தறியில் நெய்த கட்டம்போட்ட பருத்திச் சட்டைதான் வேண்டுமென்று அடம்பிடித்த வருஷம் அது. சேர்மன் குழந்தைவேலு மட்டும் சீமைக் கம்பளித் துணியோடு டெய்லர் மரகதத்திடம் வந்தார்.

"சித்திரை விழா மேடைக்குக் கோட்டு வேணும். ஒரு பொட்டு வேர்க்கக் கூடாது. வேர்த்துச்சுன்னா என் கட்டடத்துல உனக்குக் கடை இல்லை."

மரகதம் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பனி பெய்கிற ஊருக்கானது.

"ஆகட்டுங்க," என்றாள்.

விழாவன்று அவளே கோட்டை மாட்டிவிட்டு, முன்னால் மட்டும் கண்ணாடி பிடித்தாள். மேடையில் எல்லாரும் விசிறிக்கொண்டிருக்க, சேர்மன் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தார். "சீமைத் துணின்னா சும்மாவா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையடித்துவிட்டு, குத்துவிளக்கேற்றத் திரும்பினார்.

கூட்டத்தில் விசில் பறந்தது, கைதட்டல் ஓயவில்லை. கோட்டின் முதுகு முழுக்க, ஊரே உடுத்தியிருந்த அதே கட்டம்.

"தலைவரும் நம்ம துணிக்கு வந்துட்டாரு," என்று யாரோ கத்தினார்கள். சேர்மன் கோட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். கீழே நின்ற மரகதத்தை முறைத்தார்.

"என்ன வேலை இது?"

"முன்பக்கம் ஊரு பாக்கறதுக்குங்க. பின்பக்கம் நீங்க சுகமா இருக்கறதுக்குங்க."

சேர்மன் அந்தக் கட்டத்தைத் தடவினார். கைதட்டல் இன்னும் அடங்கவில்லை.

"ஏம்புள்ள, முன்பக்கமும் இதையே வெச்சுத் தெச்சிருக்கலாமல்லோ?"