தறிக்காரத் தெருவின் மண்டையோடு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், பெயர் சொன்னால் இரண்டு ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், மகுடவர்மன் என்ற ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. எழுத்துத் தெரியாதவர்களும் வழி கண்டுபிடிக்கத் தெருமுனைதோறும் ஒரு படம் வரையச் சொன்னார். அந்த வேலை மந்திரி அம்பலவாணரிடம் போனது.

மீனவர் தெருவுக்கு மீன், வண்டிக்காரத் தெருவுக்கு மாடு. தறிக்காரத் தெருவுக்கு மட்டும் மண்டையோடு. கேட்டால், அதைத் தாண்டினால் சுடுகாடுதானே என்றார். நிஜக் காரணம் வேறு. சபை விகடகவி பூவலிங்கத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவன் அக்கா செங்கமலம் அந்தத் தெருவில்தான் தறி போட்டிருந்தாள். என்ன வயிற்றெரிச்சலோ!

"சுடுகாட்டு வழின்னு நெனச்சு வியாபாரிங்க திரும்பிப் போயிடுறாங்கடா. நெய்த சேலையெல்லாம் அப்படியே கெடக்கு. சோத்துக்கு என்ன பண்றது?" என்று அழுதாள் செங்கமலம்.

"அழாதக்கா. அந்தப் படத்த அழிக்காம ஓய மாட்டேன்."

சபையில் முறையிட்டான். அரசர் சிரித்தார். "சுவரிலுள்ள படம் மனிதர் காலைப் பிடித்து இழுக்குமா?"

"அப்படியே சக்தி உண்டென்றால் இவன் செய்து காட்டட்டும், அரசே," என்றார் மந்திரி. "ஏதாவது ஓர் அடையாளத்தை வைத்தே நாளை சபைக்கு ஒருவரும் வராமல் செய்யட்டும். கதவை அடைக்கக் கூடாது, யாரையும் மறிக்கக் கூடாது, பேசக் கூடாது. தோற்றால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"சம்மதம்," என்றான் பூவலிங்கம்.

மறுநாள் சபைக்குப் புலவர் வரவில்லை. தளபதி வரவில்லை. வேடிக்கை பார்க்க முதல் ஆளாக வரவேண்டிய அம்பலவாணரையும் காணோம். தனியாக உட்கார்ந்து அலுத்துப்போன அரசர் வாசலுக்கு வந்தார். திறந்த கதவின் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மை கண்ட வீடு என்றல்லவா அதற்கு அர்த்தம்? அரசருக்கு உடம்பு வேர்த்துவிட்டது.

"யாருக்கு அம்மை? மகாராணிக்கா?"

"யாருக்கும் இல்லை, அரசே," என்றான் வாசலோரம் நின்ற பூவலிங்கம். "வெறும் இலை. யார் காலையும் பிடித்து இழுக்கவில்லை."

"மந்திரி எங்கே?"

வாயில்காப்போன் தயங்கினான். "வாசல் வரைக்கும் வந்தாருங்க. செருப்பக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. இது அந்தப் பய வேலையா இருந்தாலும் இருக்கும், ஆனா ஆத்தாகிட்ட வெளையாட முடியுமான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டாருங்க."

அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். படத்தை அன்றே அழிக்க உத்தரவானது. "உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அழித்தால் மட்டும் பயம் போகாது, அரசே. தாங்களே பட்டப்பகலில் நடந்து போய் அங்கே சேலை வாங்க வேண்டும்."

அரசர் போனார், கை கொள்ளாமல் வாங்கினார். மூட்டையைத் தலையில் வைத்து, கடைவீதி வழியாகச் சுமந்து வரும்படி அம்பலவாணருக்குக் கட்டளை.

"மந்திரியே சொமக்குறாருன்னா சரக்கு எப்பேர்ப்பட்டதா இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே வியாபாரிகள் தறிக்காரத் தெருவுக்கு ஓடினார்கள்.