ஒற்றை இலைப் படம்

திருப்பூரில் பூபதியப்பன் நடத்திய மெஸ்ஸில் தனி ஆளுக்கு டேபிள் கிடையாது. சுவரோரம் நின்றுதான் சாப்பிட வேண்டும். மெஸ்ஸுக்கு முகநூல் பதிவு போடும் கோகிலவாணியும் தினம் அப்படித்தான் சாப்பிட்டாள்.

வெறும் எழுத்துப் பதிவை யாரும் சீண்டவில்லை.

"நாளைக்கு ஒரு டேபிள்கூடக் காலியா இருக்கக் கூடாது. இருந்தா நீ வேலைக்கு வராத, புள்ள!" என்றார் பூபதியப்பன்.

அவள் ஒரே ஒரு படம் போட்டாள். காலி டேபிளில் ஒற்றை இலை, ஆவி பறக்கும் சோறு. கீழே, 'தனியாக வருகிறீர்களா? இலை போட்டாச்சு.'

மறுநாள் பன்னிரண்டு டேபிளிலும் டேபிளுக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாசலிலும் ஒற்றை ஒற்றையாக நின்றார்கள். எழுப்பிவிடவும் முடியாமல் பூபதியப்பன் முழித்தார்.

"இத்தனை பேரா தனியாச் சாப்பிடறாங்க? ஆமா, படத்துல இருந்தது யாரோட இலை?"

"என்னோடதுதானுங்க. படம் எடுத்ததும் சோத்தைத் தட்டுல மாத்திக்கிட்டுச் சுவரோரம் போயிட்டேனுங்க."