கிழக்குக் கூடத்தில் பதிந்த கால்

வில்லவராயர் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். ஈரச் சுண்ணாம்பில் வலது கால் பொதக்கென்று இறங்கியது. சுகமாக இருந்தது. இடது காலையும் வைத்தார். அப்புறம் கூடத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு, கூத்தனார் மூஞ்சியையே மிதிப்பதாக நினைத்து மிதி மிதியென்று மிதித்துவிட்டார்.

எந்தக் கூடம், யார் அந்தக் கூத்தனார் என்றால், மணிமுத்து நாட்டைச் செங்கோடவர்மன் என்ற ராஜா ஆண்ட காலம் அது. ராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் நிற்காது. ராணிக்குப் புது மாளிகை கட்டினார். சுவர் எழும்பி, கூரையும் ஏறியாச்சு. தரைதான் பாக்கி. முதலில் தேக்குப் பலகை என்றார். மறுநாளே, "பலகையா? கரையான் வருமே! எந்த மடையன் சொன்னான்?" என்று கத்தினார். சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும். யார் வாயைத் திறப்பது? ராணிதான் கடைசியில், "விடுங்கள், நான் மண்ணிலேயே குடியிருந்துகொள்கிறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கிழக்குக் கூடத்துக்கு அமைச்சர் கூத்தனார் தரை போடட்டும். மேற்குக் கூடத்துக்கு வில்லவராயர் போடட்டும். எவர் தரை எனக்குப் பிடிக்கிறதோ அவருக்குத்தான் என் வலப்பக்க இருக்கை!"

அந்த இருக்கையில் பல வருஷமாக உட்கார்ந்திருந்தவர் கூத்தனார். அதற்கு ஒரு படி கீழே ராயர். கூத்தனார் ஒன்று சொன்னால் ராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். அதையே ராயர் சொன்னால் கொட்டாவி விடுவார். கூத்தனார் தும்மினால்கூட, 'தும்மலிலும் பேர் வாங்குகிறான் பார்' என்று ராயருக்கு வயிறு எரியும்.

ராயர் மலைநாட்டிலிருந்து வெள்ளைக் கல் இறக்கி, மெருகேற்றி, ஒட்டுத் தெரியாமல் பதித்தார். கூத்தனார் சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் குழைத்துப் பூசவைத்தார். உள்ளதைச் சொன்னால் ராயரின் தரைதான் அழகு. பேசாமல் வீட்டில் படுத்திருந்தாலே ஜெயித்திருப்பார். முடியுமா? கூத்தனார் தரை எப்படி வருகிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? வாசலில் ஜோட்டைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மிதித்துவிட்டார்.

வெளியே பேச்சுக்குரல் கேட்டது. கழுவ நேரமில்லை. சுண்ணாம்புக் காலை அப்படியே தோல் ஜோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு ஓடினார். வெற்றிலையில் தடவியதைத் தவிர அவருக்குச் சுண்ணாம்பைப் பற்றி என்ன தெரியும்? ஈரத்தோடு இருந்தால் தோலையே தின்னும் என்று பாவம், தெரியாது. பொழுது சாயும்போது பாதம் எரிந்தது. விடியும்போது கொப்புளம்.

மறுநாள் ராஜா பரிவாரத்தோடு வந்து, கிழக்குக் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கூத்தனாரே, யானை புகுந்துவிட்டதா?"

"யானை என்றால் நாலு கால் இருக்குமே ராஜா. இதற்கு ரெண்டுதான்."

"யாரென்று விசாரிக்கவில்லையா?"

"எதற்கு? பச்சைச் சுண்ணாம்பு, பிடித்த காலை லேசில் விடாது."

ராயரின் விரல்கள் ஜோட்டுக்குள் சுருண்டன.

மேற்குக் கூடத்து வாசலில் ராயரைத் தவிர, ராஜா உட்பட எல்லோரும் ஜோட்டைக் கழற்றினார்கள். கூத்தனார் உள்ளே பார்த்துவிட்டு, "அடேயப்பா! இதில் முதல் அடி வைக்கவேண்டியவர் இதைப் போட்டவர்தான். போங்கள் ராயரே" என்றார்.

இப்படி ஒரு மரியாதைக்குத்தான் ராயர் இத்தனை நாள் ஏங்கினார். அது வருகிற நேரமா இது!

"ராஜா இருக்கும்போது நான் எப்படி..."

"நான்தான் சொல்கிறேனே, நடவும்!"

"ஜலதோஷம் ராஜா. வெறுங்கால் ஆகாது."

"நீர் போட்ட தரையில் நீரே ஜோட்டோடு ஏறுவீரா? ராணி குடிவருகிற வீடு ஐயா இது. கழற்றும்!"

கழற்றினார். முதல் அடியில் "ஸ்ஸ்" என்றார். அடுத்த அடியில் ஒற்றைக்காலில் நின்றார். சபையே குனிந்து பார்த்தது. பாதம் வெந்து தோல் உரிந்திருந்தது. விரலிடுக்கில் இன்னும் வெள்ளை.

"ஏன் ராயரே, காலாலேயா வெற்றிலை போட்டீர்?" என்றார் ராஜா.

கூடமே சிரித்தது. சிரித்து முடித்ததும் ராஜாவின் முகம் மாறியது. "உம்முடைய தரைதான் ஐயா எனக்குப் பிடித்தது. இருக்கையை உமக்குத் தரலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது உம்மை நாட்டைவிட்டே துரத்தப்போகிறேன்!"

"வேண்டாம் ராஜா" என்றார் கூத்தனார். "ஜெயித்தது ஜெயித்ததுதான். இருக்கை அவருக்கே இருக்கட்டும். ஒரு சின்ன வேலை மட்டும் செய்யட்டும். நேற்றே ஈரச் சாக்கு போட்டு மூடி, இன்று காலையில்தான் எடுத்ததால் சுண்ணாம்பு இன்னும் இளக்கமாகத்தான் இருக்கிறது. காய்வதற்குள் தன் தடத்தைத் தானே தேய்த்துச் சமன் செய்துவிடட்டும்."

"கேட்டீரா? தேய்த்துவிட்டு வந்து உட்காரும். தேய்க்காவிட்டால் சபைப் பக்கமே வராதீர்!"

காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, ராயர் கிழக்குக் கூடத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். கையில் வழவழப்பான கூழாங்கல். கொஞ்ச நேர வேலைதான். முதல் தடத்தின் ஓரத்தைத் தேய்த்தார். சுண்ணாம்பு வெண்ணெயாக இழைந்து பளபளத்தது. அவருக்கே ஆச்சரியம்.

அந்தப் பக்கமாக வந்த ராணி எட்டிப் பார்த்தார். "அட, கண்ணாடி மாதிரி வருகிறதே! கூத்தனார் தரை என்றால் தனிதான்."

ராயர் கல்லைக் கீழே வைத்தார்.

வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. தடத்தின் விளிம்பு வெளுக்க ஆரம்பித்தது. சபையில் வலப்பக்க இருக்கை அவருக்காகக் காலியாகக் கிடந்தது. காவலாள் வந்து, "ஐயா, காயுதுங்க. தேய்க்கச் சொன்னாங்களே" என்றான்.

ராயர் தேய்க்கவில்லை.