சிறை வாசலில் சொல்லக்கூடாத வார்த்தை

“மேடம், நானும் ஒவ்வொருத்திகிட்டயும் தலைதலையா அடிச்சுக்கிட்டு சொல்றேன், இந்தப் பக்கம் வராதேன்னு. கேக்கிறாளுங்களா?”

பெண்கள் சிறையின் காவலர் தமயந்தி, நல அலுவலர் ஹசீனாவிடம் இப்படிப் புலம்பினார். ஹசீனா வயதில் இளையவர். ஆனாலும் அந்தச் சிறையில் யாருக்கு மனசு கனத்தாலும் போய் நிற்பது அவர் மேஜைக்கு முன்னால்தான்.

“யாரைச் சொல்றீங்க அக்கா?”

“பவுனம்மாவைத்தான். இன்னைக்கு விடுதலை. பஸ்ல சங்கிலி அறுத்துட்டு வர்றா, போறா, மறுபடி வர்றா. பேரைப் பாருங்க, பவுனாம் பவுன்!”

ஹசீனா சிரிக்கவில்லை.

“அக்கா, காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“என்ன சொல்லுவாங்க? போயிட்டு வரேன்னுதான்.”

“யார்கிட்ட?”

“மாமியார்கிட்ட. அது என்ன வாய் நிறைய ‘போயிட்டு வா’ன்னா சொல்லும்? ‘ம்’னு ஒரு சத்தம் வரும். ஆனா அது வந்தாத்தான் எனக்குக் காலே நகரும்.”

“பவுனம்மா யார்கிட்ட சொல்லுவா?”

இது என்ன கேள்வி என்று தமயந்திக்குப் புரியவில்லை. மேடத்துக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

*

எல்லா வீட்டிலும் கிளம்புகிறவர்கள் ‘வரேன்’ என்பார்கள். ‘போறேன்’ என்று சொல்லிவிட்டால் கேட்பவர்களுக்குச் சுருக்கென்றிருக்கும். சிறை வாசலில் மட்டும் எல்லாம் தலைகீழ். அங்கே ‘வரேன்’ என்று வாய் தவறினால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பவுனம்மா ஒரு துணிப்பையோடு குனிந்து, பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு வழியாக வெளியே கால் வைத்தாள்.

பழக்க தோஷம்.

“வரேம்மா.”

காவலுக்கு நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“வருவ, வருவ. வேற எங்க போகப் போற?” என்றார் தமயந்தி. “போறேன்னு சொல்லுடி.”

“போறேன்,” என்றாள் பவுனம்மா.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹசீனா பின்னாலேயே வந்தார்.

“அக்கா, உங்க டூட்டி முடிஞ்சுதே. எங்ககூட ஆட்டோவில வர்றீங்களா?”

*

ஆட்டோவில் பவுனம்மா நடுவில் உட்கார்ந்தாள். தமயந்தியின் கை தானாகத் தாலிச் சங்கிலியை எடுத்து ரவிக்கைக்குள் விட்டது.

பவுனம்மா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டாள். தமயந்திக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“பயப்படாதீங்கம்மா,” என்றாள் பவுனம்மா மெதுவாக. “எனக்கே பயமாத்தான் இருக்கு.”

“உனக்கென்ன பயம்?”

“பஸ் ஸ்டாண்டை நெனச்சாத்தான். உள்ள இருக்கும்போது இனிமே வேண்டாம்னுதான் இருக்கும். வெளியே வந்தா வேற எந்த இடம் தெரியும் எனக்கு? அங்க போனாத்தான் ரெண்டு பேராவது ‘வா பவுனு’ம்பாங்க.”

 பவுனம்மா யார்கிட்ட சொல்லுவாள் என்று மேடம் கேட்டது தமயந்திக்கு இப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது.

*

ஆட்டோ ஒரு கடை முன்னால் நின்றது. இட்லி மாவு அரைத்து விற்கிற கடை. பின்னால் தங்குவதற்கு ஓர் அறை. ஒரு மாதமாக ஊரெல்லாம் அலைந்து ஹசீனா பிடித்த இடம். கடைக்காரி லூர்துமேரியிடம் எதையும் மறைக்காமல் முன்பே சொல்லியிருந்தார்.

லூர்துமேரிக்கு முழங்கை வரை மாவு.

“வா பவுனம்மா. சாப்பிட்டியா? உளுந்து கழுவத் தெரியுமில்ல? ஒரு தொலி இருக்கக்கூடாது, பாத்துக்க.”

பவுனம்மா அண்டா முன்னால் உட்கார்ந்து உளுந்துக்குள் கையை விட்டாள். 

நாளைக்கு இவள் இங்கே இருப்பாளா, பஸ் ஸ்டாண்டில் இருப்பாளா? அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. பவுனம்மாவுக்கே தெரியாது.

“கிளம்பலாமா அக்கா?” என்றார் ஹசீனா.

தமயந்தி வாசல் வரைக்கும் போனார். இத்தனை வருடமாக ஒவ்வொருத்தியிடமும் சொல்லிப் பழகிய ‘வராதே’ நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினார். திரும்பினார்.

“பவுனம்மா, போயிட்டு வரேன்.”

தண்ணீரில் அளைந்துகொண்டிருந்த கை நின்றது.

“எப்பம்மா?”

தமயந்தி இதை எதிர்பார்க்கவில்லை. எந்த வீட்டிலும் யாரும் இப்படித் திருப்பிக் கேட்பதில்லை. ஹசீனாவைப் பார்த்தார். ஹசீனா தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை,” என்றார் தமயந்தி. “அன்னைக்கு எனக்கு லீவு.”

பவுனம்மாவின் கை மறுபடி உளுந்தை அளைய ஆரம்பித்தது.

“சரிம்மா. வியாழக்கிழமை வரைக்கும் இருக்கேன்.”