முதல் இலை

“ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பார்க்கிறேன், அம்மா” என்றார் தில்லைநாயகம்.

மடத்தை நடத்தும் உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏன், சாப்பாடு ஒத்துக்கலையா?”

“அதில் ஒரு குறையும் இல்லை. பந்தியில் எனக்குத்தான் முதல் இலை. அதுதான் குறை.”

உலகம்மை அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

“நான் வந்து இரண்டு மழைக்காலம் போயிற்று. சமையல்காரர் பொன்னையா எல்லாரையும் வாடா போடா என்கிறார். என்னிடம் மட்டும் ‘ஐயா, நீங்க உட்காருங்க.’ ஒரு குடத்தைத் தொட்டால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். நான் இங்கே யார் அம்மா?”

உலகம்மை கீரையிலிருந்த புழுவை எடுத்து வெளியே விட்டார்.

“பந்திக்கு நேரமாச்சு. சாப்பிட்டுட்டுப் பேசுங்க.”

வழக்கம்போல முதல் இலை. சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. தில்லைநாயகம் இன்னும் கை வைக்கவில்லை.

வாசலில் ஒருவன் வந்து நின்றான். தொப்பலாக நனைந்திருந்தான். பசி முகத்தில் தெரிந்தது.

பொன்னையா பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

உலகம்மை முதல் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

“தில்லை, எந்திரி.”

அவர் எழுந்தார். வந்தவன் உட்கார்ந்தான். மற்றவர்கள் தங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புவதைவிடப் பெரிய அவமானம் உண்டா? தில்லைநாயகத்துக்குக் காது சுட்டது. அறைக்குப் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

“கேட்டிருந்தால் நானே எழுந்திருப்பேன் அம்மா.”

“கேட்கத்தான் வாயெடுத்தேன்” என்றார் உலகம்மை. “நம்ம ஆள்கிட்ட கேட்கணும்னு தோணல.”

தில்லைநாயகம் வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

அடுக்களையிலிருந்து பொன்னையாவின் குரல் வந்தது.

“எலேய் தில்லை, எங்கல போற? பானை அடிக் காந்தல் சுரண்டி வச்சிருக்கேன், வந்து தின்னு. எப்பவும் நம்மள்ல ஒருத்தனைத்தான் அம்மா எழுப்பிவிடும். இன்னைக்கு நீ மாட்டிக்கிட்ட.”



தில்லைநாயகம் பையை இறக்கி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். பொன்னையா பானையை நடுவில் நகர்த்தினார். தில்லைநாயகம் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

“உப்பை எங்கல வச்சிருக்க?” என்றார்.