கொத்தனார் வீட்டு வெந்நீர்க் குளியல்

ஊதல்மேட்டில் மருதாசலம், பொன்னுரங்கம், சடையன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவரும் கொத்தனார்கள். சுவர் எழுப்பினால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். மண்டைக்குள்தான் ஆண்டவன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டான். இவர்களைப் பெற்ற பாவத்துக்கு அப்பா வெள்ளிங்கிரி கார்த்திகையிலிருந்து குளிக்காமல் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒரு செம்பு வெந்நீர் முதுகில் விழாதா என்று கிழவருக்கு ஏக்கமான ஏக்கம்.

அவரைப் பார்க்க வந்த நர்சம்மா நல்லதைத்தான் சொன்னாள். "மார்கழிக் குளிருங்க. வயசானவர் குளிக்கிறப்ப உள்ளே காத்துப் புகக்கூடாது, தரை வழுக்கக்கூடாது, தாழ் போடக்கூடாது, பக்கத்துல ஆள் இருக்கணும்." சொல்லிவிட்டு அந்த மகராசி போய்விட்டாள்.

முற்றத்தில் அண்டா கொதித்தது. வெள்ளிங்கிரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் காத்திருந்தார். பிள்ளைகள் குளியலறைக்குள் நுழைந்தார்கள்.

முதலில் சடையன் உளியை எடுத்துத் தரையைக் கொத்தினான். அதற்கப்புறம் தரை வழுக்கவில்லை, நிற்கத்தான் முடியவில்லை.

"கதவுன்னு ஒண்ணு இருந்தா, கை தானா தாழ்ப்பாளுக்குப் போயிருமுங்கண்ணா" என்றான் பொன்னுரங்கம்.

"அப்பக் கழட்டு கதவை!" என்றான் மருதாசலம்.

கழற்றினார்கள். ஊதக்காற்று விருந்தாளி மாதிரி உரிமையோடு உள்ளே வந்தது.

"காத்து ஆகாதுன்னு நர்சம்மா சொல்லுச்சே!" என்றான் சடையன்.

மூவரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள். "கதவும் ஆகாது, காத்தும் ஆகாதுன்னா சுவருதான்" என்று தீர்ப்புச் சொன்னான் மருதாசலம். செங்கல்லும் குழைத்த மண்ணும் உள்ளே போயின.

"எந்தப் பக்கம் நின்னு கட்டறதுங்கண்ணா?"

"குளிரு வெளியதானே இருக்குது? உள்ளே நின்னு கட்டுடா, மடையா!"

"தண்ணி கொதிக்குதுடா!" என்று கத்தினார் வெள்ளிங்கிரி.

"வேலை நேரத்துல பேச்சுக் குடுக்காதீங்கப்பா!"

செங்கல் ஏறியது. வாசல் போய்விட்டது, பிள்ளைகளின் முகமும் போய்விட்டது. வெள்ளிங்கிரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதுகளை நம்பினால் தன்னைப் பாடையில் வைத்துத்தான் குளிப்பாட்டுவார்கள் என்று தோன்றியது.

அதற்குள் வெயில் ஏறிக் காற்றும் அடங்கியிருந்தது. கம்பளியைக் களைந்தார். தண்ணீரை இதமாக விளாவி, கால்மேல் கொஞ்சம் விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு செம்பை முதுகில் ஊற்றினார். அப்பாடா! இத்தனை நாள் அரிப்பும் ஓடிப்போனது.

சுவருக்கு உள்ளிருந்து மூன்று குரல்கள் பெருமையோடு கூவின. "அப்பா! ஒரு பொட்டுக் காத்து இல்லீங்க, கதகதன்னு இருக்குது! ஓடியாங்க குளிக்க!"

வெள்ளிங்கிரி அடுத்த செம்பை மொண்டார்.

"இருங்கடா, குளிச்சுட்டு வர்றேன்!"