பன்னிரண்டாவது நாற்காலி

நியாயம் பேசத் தெரிந்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டு ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாதவர்கள் ஞானாதிக்கம் சாமியாரோடு சேர்ந்து தலைகுனிந்து கொள்ளலாம். துணைக்கு ஆள் இருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

மாதாகுளம் கத்தோலிக்கப் பங்குக்கு அவர் புதுச் சாமியார். தவக்காலம் முழுக்க ஒரே பாட்டைத்தான் பாடினார். வேதத்தை ஏழையின் கண்ணால் வாசியுங்கள். தள்ளி வைக்கப்பட்டவன் பக்கம்தான் ஆண்டவர் நிற்கிறார். அவனுக்குச் செய்ததெல்லாம் அவருக்குச் செய்தது. மேலத்தெருக்காரர்கள் நடுக்கோயிலில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். கீழத்தெருக்காரர்கள் வழக்கம்போல், தங்களுக்கென்று ஒதுக்கிய இடப்பக்கச் சிறகில் நின்று கேட்டார்கள். பிரசங்கம் கேட்டு எந்த ஊரில் யார் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. அன்று பன்னிரண்டு பேரை அப்போஸ்தலர்களாக உட்கார வைத்து, ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் காலைக் கழுவுவார். மாதாகுளத்தில் அதற்கொரு தனி வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு அப்போஸ்தலர் பெயர். கோயில் உபதேசியார் மைக்கில் பெயரைக் கூப்பிட, சாமியார் அந்தக் காலைக் கழுவுவார். முதல் நாற்காலி, தலைமைச் சீடர் இராயப்பருக்கு. கடைசி நாற்காலி, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு. அதற்கு ஆள் பிடிப்பதற்குள் ஊருக்கே நாக்குத் தள்ளிவிடும். போன வருடம், வெள்ளையடிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவரை விவரம் சொல்லாமல் உட்கார வைத்துவிட்டார்கள். பெயர் கூப்பிட்டதும் பாவம், அந்த மனிதர் வெலவெலத்துப் போனார்.

இதுவரை கீழத்தெருவிலிருந்து யாரும் அந்த வரிசையில் உட்கார்ந்ததில்லை. இந்த வருடம் ஒருவராவது உட்கார வேண்டும் என்று சாமியார் ஒற்றைக்காலில் நின்றார். நாட்டாண்மை சந்தியாகு குதிப்பார் என்று எதிர்பார்த்தால், மனிதர் சிரித்தார்.

“தாராளமா உக்காரட்டும் சாமி. ஒரு நாற்காலிக்கு நாங்களும் ஆள் தேடிக்கிட்டுத்தானே இருக்கோம்!”

எந்த நாற்காலி என்று சாமியாருக்குப் புரிந்தது. நெஞ்சில் முள் தைத்தது. ஆனால் சண்டையில்லாமல் ஒரு கதவு திறக்கிறதே, முதலில் உள்ளே வரட்டும், இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். படித்தவருக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளவா தெரியாது?

கீழத்தெருக் குழிவெட்டி மிக்கேலைக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு தெருவுக்கும் கல்லறையில் குழி வெட்டுகிறவன் அவன். சந்தோஷமாகத் தலையாட்டினான். போகும்போது மட்டும் திரும்பிக் கேட்டான்.

“எந்த நாற்காலி சாமி?”

“எல்லா நாற்காலியும் ஒண்ணுதாம்ப்பா.”

அப்படிச் சொன்னபோது சாமியார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மிக்கேல் புது வேட்டி எடுத்தான். பக்கத்து ஊர்த் தங்கச்சியை வரவழைத்தான். பூசையில் உபதேசியார் அவனைக் கடைசி நாற்காலிக்குக் கூட்டிப்போனபோது அவன் கால் தயங்கியது. கோயிலே பார்த்துக்கொண்டிருந்தது. சாமியார் இந்த வருடம் பெயரை மாற்றியிருப்பார் என்று நம்பி உட்கார்ந்தான்.

முதல் நாற்காலியில் மேலத்தெரு மரியலூயிஸ் வாத்தியார். அவர் கால் கழுவி, துடைத்து, முத்தமும் ஆயிற்று. வரிசை நகர்ந்தது. கடைசியில் உபதேசியார் கூப்பிட்டார்.

“யூதாசு.”

நடுக்கோயிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிக்கேல் காலை இழுத்துக்கொண்டான். எதிரே முழங்காலில் இருந்த சாமியார் தாழ்ந்த குரலில் கெஞ்சினார்.

“ஆண்டவர் அவன் காலையும் கழுவுனாரு மிக்கேல்.”

“கழுவுனாருதான் சாமி. அவன் ஒரு தப்பு செஞ்சான். நான் என்ன செஞ்சேன்?”

எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான். வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார்.

“மிக்கேலு, நில்லுப்பா! நீ வந்து என் இடத்துல உக்காரு, நான் அங்க உக்காந்துக்கறேன்.”

மிக்கேல் திரும்பவில்லை. அதற்குள் அவன் மனைவி செசிலி சிறகிலிருந்து விறுவிறுவென்று வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் உட்காராத வரிசை அது.

“அவரு போனது அவரு ரோசம் சாமி. நான் இதைக் காலியா விடமாட்டேன். விட்டா, ‘குடுத்தோம், அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க’ன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க. கழுவுங்க.”

காலை நீட்டினாள்.

பெயரைச் சுமக்க மறுத்துப் போனான் ஒருவன். தன் நாற்காலியைக் கொடுக்க எழுந்தார் ஒருவர். அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள் ஒருத்தி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மிக்கேல் போனது சரி, செய்யாத துரோகத்துக்குப் பெயர் தாங்க எவனுக்கும் கடமை இல்லை. செசிலி உட்கார்ந்ததும் சரி. இடத்தை விட்டால் பறித்தவனுக்குத்தான் லாபம். அவமானப்பட்ட வீட்டில் இரண்டு சரிகள் இருக்கலாம். வாத்தியார் நல்லவர்தான், ஆனால் தன் கால் கழுவித் துடைத்த பிறகுதான் அவருக்கு நல்ல புத்தி வந்தது. சாமியார் செசிலியின் காலைக் கழுவினார்; அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் காலை கீழத்தெருவுக்குப் போய் மிக்கேலிடம் மன்னிப்புக் கேட்டார். “வீட்டுல வந்து கேட்டா எப்படி சாமி? கோயில்ல வெச்சுத்தானே அந்தப் பேரைக் குடுத்தீங்க” என்றான் அவன். அன்று பெரிய வெள்ளி. கோயிலில் ஆண்டவருடைய பாடுகளின் வாசகம் முடிந்ததும் சாமியார் பீடத்தின் முன் நின்று, அது எந்த நாற்காலி என்று தெரிந்தேதான் கொடுத்ததாகச் சொன்னார். நடுக்கோயிலில் பாதிப்பேர் எழுந்து வெளியே போனார்கள். அதைக் கேட்க மிக்கேல் வந்திருக்கவில்லை.